டாக்டர் சொன்னது ஒன்று, நமக்கு வந்து சேர்ந்தது ஒன்று: முறையிடுவது எப்படி?

பயிருக்கு மருந்து அடிக்கையில் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேளாண்மை அலுவலர் பத்து லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார். அதைக் கேட்டு வந்தவர் வேறொருவரிடம் சொல்லி, அவர் ஆளிடம் சொல்லி, கடைசியில் கைத்தெளிப்பானில் ஊற்றும்போது அளவு இரட்டித்திருக்கும். மருந்திலும் குற்றமில்லை, அலுவலரிடமும் குற்றமில்லை. இடையில் சொல் தவறிவிட்டது. பயிர் கருகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். டாக்டர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருப்பார், மருந்தும் சரியாகவே எழுதியிருப்பார். ஆனால் டாக்டருக்கும் நமக்கும் இடையில் சீட்டுப் பதிபவர், டோக்கன் கொடுப்பவர், ரத்தம் எடுப்பவர், மருந்து எடுத்துக் கொடுப்பவர், தொலைபேசி எடுப்பவர் என்று நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும், சொல்ல மறந்தாலும் பலன் நம் உடம்பில் தெரியும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்து விவசாயி ஒருவர் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவது எளிதல்ல. பருத்தி எடுப்பு, மக்காச்சோள அறுப்பு, சின்ன வெங்காய நடவு என்று ஏதாவதொரு வேலை காத்திருக்கும். அதை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்த பிறகு, "டாக்டர் இன்றைக்கு இல்லை, நாளைக்கு வரச் சொன்னோமே" என்ற பதில் கிடைத்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலை எங்கே, யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை அறிந்துகொண்டால்தான் பலன் உண்டு.

ஒரு சொல் தவறினால்

சில தவறுகளால் நமக்கு ஒரு நாள் கூலிதான் நஷ்டம். வேறு சில தவறுகள் உயிருக்கே ஆபத்தானவை. மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரை. இதை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிட வேண்டும். "தினம் ஒன்று" என்று மருந்து கொடுக்கும் இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, கேட்பவர் அப்படி எடுத்துக்கொண்டாலோ, ரத்த அணுக்கள் குறைந்து வாயெல்லாம் புண்ணாகி உயிரே போய்விடலாம். உலகம் முழுவதும் இந்தத் தவறு நேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த மாத்திரை வாங்கும் முதியவர்கள், எந்தக் கிழமை சாப்பிட வேண்டும் என்பதை டாக்டரிடமே கேட்டு, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்வது நலம்.

இரண்டாவது, நாய்க்கடி ஊசி. அரசு ஆஸ்பத்திரிகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடப்படுகிறது. இதில் முதல் ஊசி போட்ட நாள் 'பூஜ்யம்' என்று கணக்கு. அதை 'ஒன்று' என்று எண்ணக் கூடாது. திங்கட்கிழமை முதல் ஊசி போட்டால் அதே வாரம் வியாழன், அடுத்த திங்கள், பிறகு முதல் ஊசிக்குப் பின் வரும் நாலாவது திங்கள் என்று கணக்கு வரும். "அடுத்த வாரம் வாங்க" என்று யாராவது பொதுவாகச் சொல்லிவிட்டால் மூன்றாம் நாள் ஊசி விட்டுப்போகும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

மூன்றாவது, பூச்சிமருந்து விஷம். 2017-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் சிலர் விஷம் ஏறி இறந்ததை இப்பகுதி மறந்திருக்காது. இப்படிப்பட்டவரைத் தூக்கி வரும்போது சீட்டுப் பதியும் இடத்தில் "மயக்கம்" என்று மட்டும் பதிவானால் டாக்டருக்கு வழி தெரியாது. எச்சில் ஒழுகுதல், வியர்வை, கண்ணின் பாப்பா சுருங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகளின் விஷத்தைக் காட்டும். அதற்கு அட்ரோபின் என்னும் முறிவு மருந்து உண்டு. வேறு வகை மருந்தாயிருந்தால் சிகிச்சையும் வேறு. ஆகவே மருந்து டப்பாவையோ அதன் லேபிளையோ கையோடு கொண்டுபோய் டாக்டர் கண்ணிலேயே காட்ட வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைப்பது நாமே செய்யும் தகவல் தவறு.

சாத்தூரில் நடந்தது

தகவல் போய்ச் சேராததால் என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாடே அறிந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது பிறகு தெரிந்தது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒரு முறை ரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்திருந்தும், அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. 2018-ல் நல்லெண்ணத்தோடு மறுபடி ரத்தம் கொடுத்தார். இரண்டாம் முறை பரிசோதனையும் தவறியது.

வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தமக்குக் கிருமி இருப்பதை அறிந்த அந்த இளைஞர் தாமே முன்வந்து ரத்த வங்கியில் தெரிவித்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. ஆனால் அவர் வாய் திறந்ததால்தான் தவறு வெளிச்சத்துக்கு வந்தது. ஊழியர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் ரத்த வங்கிகள் கவனத்துக்கு வந்தன. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

தவறு என்று தெரிந்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம். நமக்குக் காலம் கடந்திருந்தாலும் நமக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு உதவும்.

மாட்டாஸ்பத்திரியிலும் இதே முறை

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். பசு கத்துகிறது, கண்ணாடி போன்ற சளி ஒழுகுகிறது, மற்ற மாட்டின் மேல் தாவுகிறது என்றால் சினைப் பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம். காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது பொதுவான முறை.

காலையில் தகவல் சொல்லப் போனவரிடம் அங்குள்ள உதவியாளர் "டாக்டர் முகாமுக்குப் போயிருக்கிறார், நாளைக்குச் சாயங்காலம் ஓட்டி வாங்க" என்று அனுப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பருவம் தப்பிவிடும். மறுபடி சுமார் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் தீவனச் செலவும், கன்று தள்ளிப்போவதும், பால் தள்ளிப்போவதும் விவசாயிக்கு நஷ்டம். டாக்டருக்கோ அப்படி ஒருவர் வந்துபோன விவரமே தெரியாது.

மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதும் இப்படி விட்டுப்போகும் ஒரு தகவல். ஊசி போட்டவர் சொல்லவில்லை என்றால் நாமே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் டாக்டரிடமே சொல்ல வேண்டும்?

தவறு நேர்ந்தவுடன் பெரும்பாலோர் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள். சீட்டுக் கொடுப்பவரிடம் சத்தம் போடுகிறார்கள். அல்லது டீக்கடையில் சொல்லிப் புலம்புகிறார்கள். அல்லது அடுத்த முறை வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்கள். மூன்றினாலும் தவறு திருந்தாது.

தம் அறைக்கு வெளியே என்ன சொல்லப்படுகிறது என்பது டாக்டருக்குக் கேட்பதில்லை. பரிசோதனை முடிவு மேசைக்கு வரவில்லையென்றால், நோயாளிதான் வாங்கி வரவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். சொன்ன தேதிக்கு நாம் வரவில்லையென்றால் நாம் அலட்சியக்காரர் என்று எண்ணுவார். சிகிச்சையை மாற்றக்கூடியவரும் அவர்தான். ஊழியருக்கு வழிமுறை சொல்லக்கூடியவரும் அவர்தான். ஆகவே செய்தி அவர் காதுக்குப் போக வேண்டும்.

டாக்டர் கோபித்துக்கொண்டால் அடுத்த முறை சரியாகப் பார்க்க மாட்டாரோ என்ற பயம் பலருக்கு உண்டு. புகாராகச் சொல்லாமல் விவரமாகச் சொன்னால் அநேகமாக அப்படி நேராது. தம் ஊழியர் தவறாகச் சொல்லி ஒரு நோயாளி கெட்டால் பழி தம்மீது வரும் என்பது டாக்டருக்குத் தெரியும்.

போகுமுன் குறித்துக்கொள்ள வேண்டியவை

1. எந்தத் தேதி, எந்த நேரம்.

2. எந்த இடம்: சீட்டுப் பதியும் இடமா, ஆய்வகமா, மருந்து கொடுக்கும் இடமா, தொலைபேசியிலா.

3. சொன்ன வார்த்தை என்ன. நினைவில் உள்ளபடியே எழுதிக்கொள்ள வேண்டும். கூட்டிச் சொல்லக் கூடாது.

4. அதனால் என்ன ஆயிற்று: மருந்து எத்தனை நாள் தவறாகச் சாப்பிட்டோம், எந்த ஊசி விட்டுப்போயிற்று.

5. ஓ.பி. சீட்டு, மருந்து அட்டை, காலி டப்பா, பரிசோதனைச் சீட்டு ஆகியவை. எதையும் எறிந்துவிடக் கூடாது.

எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு அன்றிரவே எழுதி வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் போனால் கிழமை மறந்துவிடும்.

மருந்து மாறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் இந்தக் குறிப்புகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்தோடு உடனே டாக்டரிடம் போக வேண்டும். அவர் இல்லையென்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொண்ட பிறகு முறையிடலாம்.

எப்படிப் பேசுவது?

வரிசை நிறைய ஆட்கள் நிற்கும்போது ஆரம்பிப்பது சரியல்ல. நம் முறை வரும்போது, வைத்தியம் பார்த்து முடித்த கையோடு, "டாக்டர், இரண்டு நிமிஷம் ஒரு விவரம் சொல்லணும்" என்று கேட்கலாம். அவர் வேலையாயிருந்தால், புறநோயாளிகள் பார்த்து முடிந்ததும் வரலாமா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பேசும்போது ஆளைக் குற்றம் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும். "உங்க ஆள் சரியில்லை" என்றால் டாக்டர் தம் ஆளுக்குப் பரிந்து பேச வேண்டியதாகிவிடும். இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

"டாக்டர், போன செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்து கேட்டப்போ ஒண்ணும் இல்லை, நல்லா இருக்குன்னு வெளியே சொன்னாங்க. இன்னைக்கு நீங்க பார்த்துட்டு சர்க்கரை அதிகம்ங்கறீங்க. நடுவிலே பத்து நாள் நான் மாத்திரை சாப்பிடலை. இனிமே முடிவை யார்கிட்டே கேட்டு வாங்கணும்னு நீங்களே சொல்லிட்டா நல்லது. வேற யாருக்கும் இப்படி ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

இதில் தேதி இருக்கிறது, சொன்ன வார்த்தை இருக்கிறது, விளைவு இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கையும் இருக்கிறது. வசைச் சொல் எதுவுமில்லை. கோரிக்கை இல்லாமல் குறையை மட்டும் சொன்னால் டாக்டர் வருத்தம் தெரிவிப்பதோடு முடிந்துவிடும்.

தவறு நம்முடையதாகவும் இருக்கலாம். காது மந்தமாயிருந்து தப்பாகக் கேட்டிருக்கலாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்து இனிஷியல் சொல்லாமல் விட்டிருக்கலாம். "நான் தப்பாக் கேட்டிருந்தாலும் இருக்கலாம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்வதால் நமக்குக் குறைவில்லை.

கைகலப்பு, பொருளை உடைத்தல் ஆகியவை கூடவே கூடாது. மருத்துவப் பணியாளரைத் தாக்குவது, ஆஸ்பத்திரிப் பொருளைச் சேதப்படுத்துவது ஆகியவற்றுக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே உண்டு. நியாயம் நம் பக்கம் இருந்தும் வழக்கு நம்மீது வந்து சேரும்.

எழுதிக் கொடுப்பதானால்

வாயால் சொல்லியும் இரண்டாம் முறை அதே தவறு நேர்ந்தால் எழுதிக் கொடுப்பது நலம். அரைப் பக்கம் போதும். மாதிரி வருமாறு:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். நான் இன்ன தேதியில் தங்களிடம் சிகிச்சை பெற்றேன். ஓ.பி. சீட்டு எண் இது. மருந்து கொடுக்கும் இடத்தில் இந்த மாத்திரையை நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடச் சொன்னார்கள். சீட்டில் ஒரு வேளை என்று இருப்பதைப் பின்னர் அறிந்தேன். ஐந்து நாட்கள் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டேன். இதனால் தீங்கு உண்டா என்று பார்த்துச் சொல்லவும், மருந்து அட்டையில் வேளையை எழுதித் தர ஏற்பாடு செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே பெயர், ஊர், தேதி, கையொப்பம். ஒரு நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அதில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கவும் நமக்கு உரிமை உண்டு. 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

அங்கே கவனிக்காவிட்டால்

டாக்டரிடம் சொல்லியும் பயன் இல்லையென்றால் மேலே போகலாம். படிப்படியாகப் போவதே முறை.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் வட்டார மருத்துவ அலுவலர். அதற்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர். அரசு ஆஸ்பத்திரி என்றால் அதன் தலைமை மருத்துவர். அதற்கு மேல் மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே நிலைய மருத்துவ அலுவலரிடமும் கல்லூரி முதல்வரிடமும் மனுக் கொடுக்கலாம். மாட்டாஸ்பத்திரி என்றால் கால்நடைப் பராமரிப்புத் துறையின் உதவி இயக்குநரும், அவருக்கு மேல் மண்டல இணை இயக்குநரும் உள்ளனர்.

தொலைபேசியில் தெரிவிக்க 104 என்ற சுகாதார உதவி எண்ணும், முதல்வரின் உதவி மையத்துக்கு 1100 என்ற எண்ணும் உள்ளன. கால்நடை அவசரத்துக்கு 1962. கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். கால்நடை பற்றிய குறையை மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுப்பலாம்.

பணம் கொடுத்துச் சிகிச்சை பெற்ற தனியார் ஆஸ்பத்திரியில் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்திருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வழி பொருந்தாது.

தேதி தவறியது, டோக்கன் மாறியது போன்றவற்றுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னாலே அநேகமாகச் சரியாகிவிடும்.

தவறு நேராமல் தடுக்க

ஊழியர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல்லிப் பார்க்க வேண்டும். "காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பிட்ட பிறகு, ஐந்து நாள். சரிதானே சிஸ்டர்?" என்று கேட்டால் தவறு அங்கேயே பிடிபடும். சீட்டில் 1-0-1 என்று இருந்தால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்று பொருள். சொன்னதும் சீட்டும் ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெயரைச் சொல்லும்போது தகப்பனார் பெயர் அல்லது கணவர் பெயர், ஊர், வயது எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல்போன் எண் மாறியிருந்தால் பதிவில் மாற்றச் சொல்ல வேண்டும். பழைய எண்ணுக்குப் போன தகவல் நமக்கு வராது.

பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, "ஒன்றும் சொல்லவில்லை, ஆகவே நல்லதுதான்" என்று இருந்துவிடக் கூடாது. முடிவைக் காகிதத்தில் வாங்கி டாக்டர் பார்த்தால்தான் பரிசோதனை முடிந்ததாகக் கணக்கு.

விதை வாங்கினால் ரசீது கேட்கிறோம். சொசைட்டியில் பால் ஊற்றினால் அட்டையில் அளவைப் பதிந்து வாங்குகிறோம். மருந்து விஷயத்திலும் அதே கறார் வேண்டும். தவறு நேர்ந்தால் மனதில் வைத்துக் குமையாமல், தேதியும் சீட்டுமாகப் போய் டாக்டரிடம் பதமாகச் சொல்லிவிடுங்கள். இன்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, நாளை நம் பக்கத்து வயல்காரருக்கு மருந்து மாறாமல் காக்கும்.